எண்பத்தொன்று முதல் தொண்ணூற்றாறு வரை

எங்கள் பைண்டிங் கூடத்தில் சொந்தப் பெயர் யாருக்கும் நிலைப்பதில்லை. வெட்டும் மெஷினில் நிற்பவர் கத்தி. உயரமானவள் என்பதால் நான் நெட்டை. மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வெட்டும் மெஷின் ஓடும்போதும் கூடத்தின் மறுகோடிக்குக் கேட்கும் அவருடைய குரலைப் பற்றியது அது. இங்கே வேண்டாம். ஃபாரம் சேர்க்கும் நீள மேசையின் தலைமாட்டில் இருபத்திரண்டு வருடமாக நின்றவர் பதினாறு அக்கா.

அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். மற்றவர்களுக்குப் புத்தகம் என்றால் கதை, பாடம், கவிதை. எங்களுக்கு ஒன்பது ஃபாரம், பன்னிரண்டு ஃபாரம், அட்டை. அக்காவுக்கு எந்தக் கணக்கும் பதினாறில்தான் வரும். உங்கள் வீட்டுக்கு எத்தனை படி என்று கேட்டால், "ஒரு ஃபாரமும் மூணு பக்கமும்" என்பார். மகளுக்குப் பதினாறு வயது முடிந்த அன்று, "ஒரு ஃபாரம் முடிஞ்சுது, இனிமே அடுத்தது" என்றார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேசையைச் சுற்றி முதல் ஃபாரம், இரண்டாம் ஃபாரம் என்று வரிசையாக அடுக்கு இருக்கும். ஒருவர் நடந்துகொண்டே ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றாக எடுத்து ஒரு புத்தகமாகச் சேர்ப்பார். அந்தக் கட்டை அவரே சரிபார்க்கக் கூடாது. எதிரே நிற்கும் ஆள்தான் பார்க்க வேண்டும். ஃபாரத்தின் மடிப்பில், முதுகுப் பக்கம், சின்னக் கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும். முதல் ஃபாரத்தில் மேலே, அடுத்ததில் சற்றுக் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. வரிசை சரியாக இருந்தால் முதுகில் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒன்று விட்டுப்போனாலோ, ஒன்று இரண்டு முறை வந்தாலோ படி உடையும். அட்டை ஒட்டிவிட்டால் படிக்கட்டு மறைந்துவிடும். அதனால் தைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எடுத்த கைக்குத் தன் தப்பு தெரியாது என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு. அக்கா எடுத்ததைப் பதினான்கு வருடமாகப் பார்த்தது நான். ஒரு முறைகூடப் படி உடைந்ததில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அக்கா. ஆனால் டீ குடிக்கும் நேரத்தில் கையில் அகப்பட்ட ஃபாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"நான் ஐநூறு புத்தகம் படிச்சிருக்கேன் நெட்டை. ஒவ்வொண்ணுலயும் பதினாறு பக்கம்."

"அப்ப கதை புரியவே புரியாதே?"

"முன்னாடி என்ன நடந்திருக்கும், பின்னாடி என்ன ஆகும்னு நானே போட்டுக்குவேன். சில சமயம் புத்தகத்துல இருக்கிறதைவிட என்னோடது நல்லா இருக்கும்."

கதை எழுத அவர் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

கணவர் இறந்தபோது மகளுக்கு எட்டு வயது. அக்காவுக்கு வேலைநேரம் நிலையாக இல்லை. பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளும் இல்லை. இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் மகளைச் சேர்த்தார். ஒவ்வொரு விடுமுறைக்கும் போய் அழைத்துவருவார். வருகிற தேதியை மேசைக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதி வைப்பார்.

மகளுக்குப் பதினொரு வயதானபோது அது நடந்தது. நீண்ட விடுமுறைக்கு விடுதி மூடும் நாள். எங்களுக்குப் பாடப்புத்தக வேலை தலைக்கு மேல். மூன்று வாரமாக எங்களில் யாருக்கும் கிழமை தெரியாது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மதியம், மூடினால் மாலை. அன்று மாலை ஆறு மணிக்கு மேனேஜர் அறையில் போன் அடித்தது. கதவு திறந்திருந்ததால் அவர் பேசியது முழுக் கூடத்துக்கும் கேட்டது.

"லீவா? அவங்க லீவே கேக்கலையே. இதோ, இங்கதான் எண்ணிட்டு நிக்கிறாங்க."

அக்கா கையில் பதினோராம் ஃபாரம் இருந்தது. சுவரைப் பார்த்தார். பென்சிலில் எழுதிய தேதி அங்கேயே இருந்தது.

"நெட்டை, இன்னைக்கு வியாழன்தான?"

"வெள்ளிக்கா."

அக்கா கையிலிருந்த ஃபாரத்தைக் கீழே வைத்தார். அந்த ஊருக்குக் கடைசிப் பஸ் ஐந்தரைக்கே போய்விட்டிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். விடுதியில் ஒரே ஒரு பிள்ளைதான் மிச்சம். காலை ஒன்பது மணிக்குத் தகரப்பெட்டியோடு வாசலில் உட்கார்ந்தவள், மாலை ஆறு மணி வரை அந்தப் பெட்டி மேலேயே இருந்திருக்கிறாள். அக்காவைப் பார்த்ததும் அழவில்லை.

"நாப்பத்தி மூணு பேர் போனாங்கம்மா. எண்ணினேன்."

"மேனேஜர் லீவு குடுக்கல பாப்பா. எவ்வளவோ கேட்டேன், விடலை."

இதை எங்களிடம் வந்து சொன்னபோது அக்கா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இருபதாயிரம் ஃபாரத்தில் ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கிற மனுஷி, சொந்தப் பிள்ளையை அழைக்க வேண்டிய நாளை மறந்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளையிடமே எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பொய் ஒரு வாரம் நின்றது, ஒரு மாதம் நின்றது, பிறகு அதை எடுத்தால் எல்லாம் சரிந்துவிடும் என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

மறுவருடம் அக்கா எழுதத் தொடங்கினார். அச்சில் வீணாகி வரும் தாளின் வெள்ளைப் பக்கத்தை வெளிப்புறமாக மடித்து, பதினாறு பக்கமாக வெட்டித் தைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் எழுதுவார். கத்திக்குத்தான் முதலில் தெரிந்தது.

"என்னக்கா, நாவலா? எழுதி முடிங்க. என்ன எழுதினாலும் கடைசில வெட்டுறதுக்கு என்கிட்டதான வரணும்."

"உன்கிட்ட ஓரம்தான்டா வரும். நடுவுல உனக்கு வேலை இல்ல."

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான கதை. விடுதி வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் பதினொரு வயதுப் பெண்ணிடம்தான் தொடக்கம். முதல் வரியே 'நாற்பத்து மூன்று பேர் போய்விட்டார்கள்' என்பதுதான். யாரும் வராததால் அவளே புறப்பட்டுவிடுகிறாள். வழியில் தப்பான பஸ், வாலில்லாத நாய், சில்லறை தராத கண்டக்டரோடு சண்டை. பெட்டியைத் தொலைக்கிறாள். இரண்டாம் நாள் அம்மா வேலை செய்யும் இடத்துக்கு வந்து நின்று, "ஏன் வரலை?" என்று கேட்கிறாள். அம்மா பதில் சொல்கிறாள். அதன்பிறகு இருவருமாகத் தொலைந்த பெட்டியைத் தேடிப் போகிறார்கள். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவார். நாய் வரும் இடத்தில் எனக்குச் சிரிப்பு தாங்காது. அம்மா பதில் சொல்லும் அத்தியாயத்தை மட்டும் வாசிக்க மாட்டார். தாண்டிவிடுவார்.

எழுதி முடிக்க இரண்டு வருடம். எங்களிடம் பைண்டிங்குக்கு வரும் பதிப்பகங்களில் சிறுவர் புத்தகம் மட்டும் போடும் ஒன்று இருந்தது. அதன் எடிட்டர் மேடம் அட்டை பார்க்க வந்த நாளில், அக்கா ஒன்பது நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மேசைக்குத் திரும்பிவிட்டார். எடிட்டர் மேடம் மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நாய் இருக்கட்டும். கண்டக்டர் இருக்கட்டும்," என்றார் எடிட்டர் மேடம். சின்ன அறை. நாற்காலி மேலும் புத்தகம் இருந்ததால் நாங்கள் நின்றுகொண்டே கேட்டோம். "எட்டாவது அத்தியாயம்தான் சரியில்ல. அம்மா மூணு காரணம் சொல்றாங்க. முதலாளி லீவு தரலை, காய்ச்சல் வந்துச்சு, பஸ் வழியில நின்னுடுச்சு. ஒண்ணு சொன்னா நம்பலாம். மூணு சொன்னா பத்து வயசுப் பிள்ளைக்கே தெரிஞ்சிடும், இவங்க பொய் சொல்றாங்கன்னு."

அக்கா தலையாட்டினார்.

"பெரியவங்க படிக்கிற கதைன்னா இதைச் சுத்தி வளைச்சுப் போயிடலாம். இந்த வயசுப் பிள்ளைங்க அப்படி விடமாட்டாங்க. கேட்டாச்சுன்னா பதில் வேணும். பதில் இல்லன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்திடலாம். ஓடிவந்து கட்டிப்பிடிச்சாங்கன்னு போட்டுட்டுப் பெட்டி தேடப் போயிடலாம்."

"வேணாம் மேடம். எடுக்க வேணாம். எழுதித் தர்றேன்."

ஐந்து வாரம் அக்கா மதியத்தில் எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆறாவது வாரம் ஒரே மூச்சில் எழுதினார். அதைத் தட்டச்சுக்குக் கொண்டுபோகும் வழியில் என்னிடம் நீட்டினார். அதில் மகள் கேட்கிறாள். அம்மா கையிலிருப்பதைக் கீழே வைக்கிறாள். 'மறந்துட்டேன்' என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அது புரியாமல், 'என்னையா?' என்று திருப்பிக் கேட்கிறாள். அதன்பிறகு பத்துப் பக்கம் இருவரும் பேசுகிறார்கள். அதில் எங்கேயும் அம்மா தன் கஷ்டத்தைச் சொல்வதில்லை.

படித்துவிட்டு நான் கேட்டேன். "அக்கா, இதைப் பாப்பாகிட்ட நேராவே சொல்லிடலாமே."

"சொல்லத்தான எழுதுறேன்."

எடிட்டர் மேடம் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. ஆனால் அவர்களிடம் வரிசை நீளமாக இருந்தது. படம் போடுபவர் ஒரு வருடம் இழுத்தார். காகித விலை ஏறிவிட்டது என்று ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்குள் மகள் விடுதிப் பள்ளியை முடித்துவிட்டு இரண்டரை மணி நேரப் பஸ் தூரத்தில் வேறோர் ஊரில் நர்சிங் படிக்கப் போய்விட்டாள். அங்கேயும் விடுதிதான். பதினேழு வயது.

கடைசி புரூஃப் வந்தபோது அக்கா ஒரே ஒரு திருத்தம் கேட்டார். ஏழாம் அத்தியாயத்து நாய்ப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் எட்டாம் அத்தியாயம் எண்பத்தொன்றாம் பக்கத்தில் தொடங்கித் தொண்ணூற்றாறில் முடியும். சரியாக ஆறாம் ஃபாரம்.

"ஒரு ஃபாரத்துக்குள்ள இருந்தா தைக்கிறப்ப பிரியாது மேடம்."

"படிக்கிறவங்களுக்கு அது தெரியவே தெரியாதேம்மா," என்று சிரித்தார் எடிட்டர் மேடம். படத்தைப் பெரிதாக்கினார்.

ஒன்பது ஃபாரம், ஆயிரம் பிரதி. எங்கள் கூடத்துக்கே வந்தது. எந்தப் புத்தகத்துக்கும் முதல் பிரதியை வரிசையில் சேர்க்காமல் தனியாகக் கையால் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு எழுதியவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். தலைப்பிரதி என்போம். இந்தத் தலைப்பிரதி மகளுக்கு என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். மறுநாள் மகளைப் பார்க்கப் போவதாக இருந்தார்.

மேசையைச் சுற்றி அவர் நடந்தார். நாங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். ஒன்று எடுத்தார், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது அடுக்கில் நின்றார். மேலே இருந்த ஃபாரத்தைக் கையில் எடுத்துப் படிக்கத் தொடங்கினார். தன் எழுத்தை அச்சில், மடித்த ஃபாரமாக, தன் மேசையில் பார்ப்பது அதுதான் முதல் முறை. கொஞ்ச நேரம் படித்தார். அதை அடுக்கின் மேலேயே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கை போய் ஒன்றை எடுத்தது. ஏழு, எட்டு, ஒன்பது. கட்டைத் தட்டி நேராக்கினார்.

நான் கையை நீட்டவில்லை. நீட்டியிருக்க வேண்டும். அவருடைய புத்தகம், அவருடைய மகளுக்கு, அவர் கையாலேயே ஆகட்டும் என்று நின்றுவிட்டேன். அவர் எடுத்ததை அவரே பார்த்தார், தைத்தார். கத்தி தன் மெஷினைத் துடைத்துவிட்டு மூன்று ஓரமும் வெட்டினார். "சொன்னேன் பாத்தீங்களா, என்கிட்டதான் வந்துச்சு," என்றார். அக்கா சிரித்தார். அட்டையும் அவரே ஒட்டினார்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். மகள் அட்டையைப் பார்த்தாள், அம்மாவின் பெயரைத் தடவிப் பார்த்தாள், வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து அக்காவே போன் செய்தார். மதியம், என் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

"படிச்சியா பாப்பா?"

மறுமுனையில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா போனை வைத்தார்.

"படிச்சாளாம். நல்லா இருக்காம்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. நாய் நல்லா இருக்குன்னா."

அதற்கடுத்த பத்து நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. படித்துவிட்டும் எதுவும் சொல்லவில்லை என்றால் மன்னிக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று ஒரு முறை கேட்டார். கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றேன். "ஆறு வருஷம் நான் எடுத்துக்கிட்டேன். அவளும் எடுத்துக்கட்டும்," என்றார்.

ஆயிரம் பிரதியும் முடிந்து கட்டுக் கட்டாக அடுக்கிய பிறகு மிச்சத் தாளை எண்ணுவது வழக்கம். ஒவ்வொரு ஃபாரமும் ஆயிரத்து இருபது வந்திருந்தது. கிழிந்தது, அழுக்கானது எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றிலும் இருபது மிச்சம் இருக்க வேண்டும். எண்ணியவள் நான். ஐந்தாம் ஃபாரம் பத்தொன்பது. ஆறாம் ஃபாரம் இருபத்தொன்று.

மறுபடியும் எண்ணினேன். அக்காவைக் கூப்பிட்டேன். அவரும் எண்ணினார்.

இதற்கு ஒரே பொருள்தான். ஏதோ ஒரு புத்தகத்தில் ஐந்தாம் ஃபாரம் இரண்டு முறை போயிருக்கிறது. ஆறாம் ஃபாரம் இல்லை.

"கட்டைப் பிரிங்க," என்றார் அக்கா.

"அக்கா, அதெல்லாம் நானே பாத்து அனுப்பினது. ஒவ்வொண்ணா பாத்தேன்."

"பிரி."

பிரித்தோம். அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரை, ஒவ்வொரு பிரதியாக எண்பதாம் பக்கத்தைத் திறந்து அடுத்த பக்கம் எண்பத்தொன்றா என்று பார்த்தோம். இத்தனை வருடத்தில் குறையுள்ள ஒரு புத்தகம் அகப்பட வேண்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டது அப்போதுதான். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் சரியாக இருந்தன. கடைசிப் பிரதியை மூடிவிட்டு அவர் நின்றார்.

"அப்ப அவ அதைப் பாக்கவே இல்ல," என்றார். முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. பார்க்காததால்தானே ஒன்றும் சொல்லவில்லை. அது அப்படியே அணைந்தது. "ஆனா நெட்டை, எண்பதுக்கு அப்புறம் மறுபடியும் அறுபத்தஞ்சு வந்தா, படிக்கிறவ கேக்கமாட்டாளா? கேக்கலைன்னா படிக்கவே இல்லன்னுதான ஆகுது."

 கணக்குக்கு மேல் மிஞ்சிய ஒற்றை ஆறாம் ஃபாரத்தை ஒரு பழைய அட்டைக்குள் மடங்காமல் வைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பார்க்கப் போனார்.

அங்கே நடந்ததை மறுநாள் பசை காயும் நேரத்தில் என்னிடம் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்.

விடுதியின் பார்வையாளர் அறையில் இரண்டு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் இருந்தன. மகள் வெள்ளைச் சீருடையில் வந்தாள். புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார் அக்கா. கொண்டுவந்தாள். ஓரங்கள் மழுங்கியிருந்தன. உள்ளே பென்சில் கோடுகள் இருந்தன. படிக்காத புத்தகம் இல்லை அது.

"மூணு தடவை படிச்சேன்," என்றாள்.

"அப்ப பாத்திருப்பியே."

"என்ன?"

"எண்பதாம் பக்கம்."

மகள் மின்விசிறியைப் பார்த்தாள். "பாத்தேன். எண்பதுக்கு அப்புறம் மறுபடி அறுபத்தஞ்சு. நாய் ரெண்டு தடவை வருது. அப்புறம் நேரா தொண்ணூத்தேழு. ரெண்டு பேரும் பெட்டி தேடப் போறாங்க. நடுவுல என்ன பேசினாங்கன்னு இல்ல."

"ஏன் பாப்பா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? முன்னாடி பொருளடக்கத்துல இருக்கு. எட்டாவது, 'ஏன் யாரும் வரவில்லை'. அதுமட்டும் எனக்கு வந்த புத்தகத்துல இல்ல. நீயே எடுத்துட்டேன்னு நெனைச்சேன்."

"நானா?"

"நீதான எடுத்து அடுக்குவே. உனக்கு ஒரு ஃபாரம் மாறிப்போச்சுன்னா யார் நம்புவா? இருபத்திரண்டு வருஷம் ஒண்ணுகூட மாறலைன்னு நீதான எப்பவும் சொல்லுவே." குரலை உயர்த்தவில்லை அவள். "ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு எனக்கு மட்டும் சொல்லலைன்னு நெனைச்சேன். லைப்ரரிக்கு வந்தா எடுத்துப் பாக்கலாம்னு இருந்தேன். அப்புறம் வேணாம்னு விட்டுட்டேன்."

அக்கா பையிலிருந்து அட்டையை எடுத்து, அதற்குள்ளிருந்த ஃபாரத்தை நீட்டினார். வெட்டாத ஃபாரம். மடிப்புகள் மூடியே இருந்தன. "தப்பா எடுத்துட்டேன் பாப்பா. நிஜமா. அந்த எடத்துல நின்னு படிச்சேன், கை மாறிப்போச்சு. இந்தா, இதுல இருக்கு."

மகள் வாங்கினாள். பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுல என்ன இருக்குன்னு நீ சொல்லேன்."

"படிச்சுப் பாரு."

"நீ சொல்லும்மா."

அக்காவுக்கு எழுதும்போது வந்ததில் ஒரு சொல்கூட வரவில்லையாம். "அன்னைக்கு வியாழக்கிழமைன்னு நெனைச்சேன்," என்று ஆரம்பித்திருக்கிறார்.

"ம்."

"மேனேஜர் லீவு தரலைன்னு சொன்னது பொய்."

"தெரியும்."

"மறந்துட்டேன் பாப்பா."

மகள் ஃபாரத்தின் ஓரத்தை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வார்டன் போன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். உங்க மேனேஜர் குரல் மேசைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. லீவே கேக்கலையே, இங்கதான் எண்ணிட்டு நிக்கிறாங்கன்னார். மறுநாள் நீ வந்து லீவு குடுக்கலைன்னே. சரி, அப்புறமா நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஒவ்வொரு லீவுக்கும் நீ வர்றப்ப, இந்தத் தடவை நீ சொல்லுவேன்னு இருப்பேன். வாசல்ல நான் காத்திருந்தது ஒரு நாள்தாம்மா."

அக்கா மகளின் கையைப் பிடித்திருக்கிறார். அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"கதை நல்லா இருக்கு," என்றாள் மகள். "பொய்யா சொல்லல. பன்னெண்டு வயசுல இது கையில கெடைச்சிருந்தா கட்டிக்கிட்டுத் தூங்கியிருப்பேன். இப்ப பதினேழு ஆச்சு. படிச்சா யாரோ ஒரு சின்னப் பொண்ணைப் பத்திப் படிக்கிற மாதிரி இருக்கு. பாவமா இருக்கு அவளைப் பாத்தா."

புத்தகத்தைக் கொடு, பிரித்து ஆறாம் ஃபாரத்தைச் சேர்த்துத் தைத்துத் தருகிறேன் என்றார் அக்கா. வேண்டாம் என்றாள். அந்த ஃபாரத்தை அப்படியே புத்தகத்துக்குள் செருகினாள். அது வெட்டாததால் ஓரம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. இரண்டு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும் என்று எழுந்தாள். "பாத்துப் போம்மா. பஸ் வாசல்லயே நிக்கும்," என்றாள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அக்கா பசை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவர் வீட்டுக்கு வரும்போது எட்டரை ஆகிவிட்டது என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரி காலையில் என்னிடம் சொல்லியிருந்தாள். இரண்டு மணிக்குக் கிளம்பியவருக்கு நான்கரைக்கு மேல் ஆக வழியில்லை.

"பஸ் கெடைக்கலியாக்கா?"

"கெடைச்சுது. வாசல்ல ஒரு பெஞ்ச் இருக்கு. ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

"பஸ்ஸே வரலியா அதுவரைக்கும்?"

"வந்துச்சு. எட்டு போச்சு. எண்ணினேன்."

அதன்பிறகு எழுந்து மேசைக்குப் போனார். பள்ளிக்கூட நோட்டு வேலை ஒன்று வந்திருந்தது. முதல் கட்டைச் சேர்த்து, தட்டி நேராக்கி, என் பக்கம் நீட்டினார்.

"பாரு நெட்டை. நல்லாப் பாரு."